சூரியனை முந்தி ஓடும் இரண்டு கடிகாரங்கள்: சிங்கப்பூரும் மாட்ரிட்டும்

சிங்கப்பூருக்கும் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்கும் நடுவில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். நேர வித்தியாசம் எவ்வளவு என்று கைபேசியில் பார்த்தால் குளிர்காலத்தில் 7 மணி நேரம், ஸ்பெயின் கடிகாரத்தை முன்னே நகர்த்திவைக்கும் கோடையில் 6 மணி நேரம் என்று வரும். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்பி ஒருவரை அழைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இரவு 9 மணி, மாட்ரிட்டில் பிற்பகல் 2 மணி, சாப்பாடெல்லாம் முடிந்து ஆள் வேலையில் இருப்பார் என்று நினைத்து அழைத்தால், அவர் அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியிருப்பார். சரி, ஒரு மணி நேரம் கழித்து அழைக்கலாம் என்றால் அப்போதும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கக்கூடும். அவர் வேலைக்குத் திரும்பி, மாலை 6 மணிக்கு ஓய்வாகத் திருப்பி அழைக்கும்போது சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி 1 மணி.

நேர மண்டலம் கடிகார முள் எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அந்த வேளையில் அந்த ஊரில் சூரியன் எங்கே நிற்கிறது, ஊர்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறார்களா வெயிலைப் பார்த்து நடக்கிறார்களா என்ற இரண்டும் தெரிந்தால்தான் ஓர் ஊரின் அன்றாடம் பிடிபடும். இந்த இரண்டு நகரங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால் ஓடுகிறது. விலகலின் அளவு கிட்டத்தட்ட ஒன்று, திசையும் ஒன்று. அதோடு வாழப் பழகிய விதம் மட்டும் நேரெதிர்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். சிங்கப்பூர், லண்டன் வழியே போகும் பூஜ்யப் பாகைக் கோடான கிரீன்விச் கோட்டுக்குக் கிழக்கே ஏறக்குறைய 103.8 பாகையில் இருக்கிறது. சூரியனை மட்டும் வைத்துக் கடிகாரத்தைத் திருத்தினால் கிரீன்விச் நேரத்தைவிட 6 மணி 55 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். இருப்பதோ 8 மணி நேரம் முன்னால். ஆக 65 நிமிடம் கூடுதல். அந்த 8 மணி நேரத்துக்கு உரிய 120 பாகைக் கோடு தைவானின் மேற்குக் கரையை ஒட்டிப் போகிறது.

மாட்ரிட்டின் கதை இன்னும் விசித்திரம். அது கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே 3.7 பாகையில், லண்டனைவிட மேற்கில் இருக்கிறது. சூரியக் கணக்குப்படி கிரீன்விச்சுக்கு 15 நிமிடம் பின்தங்கியிருக்க வேண்டிய ஊர், குளிர்காலத்தில் 1 மணி நேரமும் கோடையில் 2 மணி நேரமும் முன்னால் இருக்கிறது. அதாவது சூரியனிலிருந்து 75 நிமிடம், கோடையில் 2 மணி 15 நிமிடம். மாட்ரிட் பயன்படுத்தும் நேரத்துக்கு உரிய 15 பாகைக் கோடு ஜெர்மனி, போலந்து எல்லை அருகே ஓடுகிறது. சரகோசாவிலிருந்து பார்சிலோனா போகும் நெடுஞ்சாலையில் கிரீன்விச் கோட்டைக் கடக்கும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே பெரிய வளைவு ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். கிரீன்விச் கோடு தங்கள் நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது என்று பெருமையோடு காட்டும் அந்த வளைவுக்குக் கீழே போகிற ஒவ்வொரு காரிலும் கடிகாரம் கிரீன்விச்சைவிடக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால்தான் நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரண்டு நகரங்களுக்கும் இடையே சூரியன் காட்டும் உண்மையான இடைவெளி 7 மணி 10 நிமிடம். குளிர்காலத்தில் கடிகாரங்கள் காட்டும் இடைவெளி 7 மணி நேரம். இரண்டும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருப்பதால் வித்தியாசம் மட்டும் சரியாக வந்துவிடுகிறது. வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாமல் போவது இதனால்தான்.

சிங்கப்பூரின் கடிகாரம் ஒரே தாவலில் இங்கே வந்து சேரவில்லை. 20 நிமிடம், 10 நிமிடம், 30 நிமிடம் என்று தவணை தவணையாக முன்னேறியது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வேறு காரணம்.

ஆரம்பத்தில் அங்கே சொந்த சூரிய நேரம்தான். துறைமுக ஊர் என்பதால் மாலுமிகளுக்குத் துல்லியமான நேரம் தேவைப்பட்டது. கப்பலின் கால அளவைக் கருவி சில விநாடி பிசகினாலும் நடுக்கடலில் இருப்பிடம் பிசகும். அதற்காக ஃபோர்ட் கேனிங் குன்றின் மேல் ஒரு கம்பத்தில் நேரப்பந்தை ஏற்றி, மதியம் 1 மணிக்குச் சரியாகக் கீழே விழவிட்டார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துக் கருவியைத் திருத்திக்கொண்டன. 1905 ஜூன் 1 அன்று கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் என்ற முழு எண்ணுக்கு மாறினார்கள். மாற்றம் வெறும் நான்கரை நிமிடம். அந்த 7 மணி நேரம் சிங்கப்பூரின் சூரியனோடு கிட்டத்தட்ட கச்சிதமாகப் பொருந்தியது. புவியியலைக் கேட்டால் இன்றைக்கும் அதுதான் சரியான நேரம் என்று சொல்லும்.

1933 தொடக்கத்தில் காலனி அரசு கடிகாரத்தை 20 நிமிடம் முன்னே வைத்தது. மாலையில் வேலை முடிந்த பிறகு விளையாடவும் உலாவவும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். நிலநடுக்கோட்டில் பகல் நீள்வதும் இல்லை, குறுகுவதும் இல்லை என்பதால் இதைக் கோடையில் மட்டும் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்டு முழுவதும் அதே நேரம். 1941 செப்டம்பர் 1 முதல் மேலும் 10 நிமிடம் சேர்ந்து 7 மணி 30 நிமிடம் ஆனது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்தது. ஊரின் பெயர் ஷோனான் ஆனது, கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குப் போனது. கிரீன்விச்சைவிட 9 மணி நேரம் முன்னால். அந்தப் பிப்ரவரியில் காலை 8 மணி தாண்டித்தான் அங்கே சூரியன் உதித்தது. ஊர் யார் கையில் இருக்கிறது என்பதைக் காலையில் கண் விழித்ததுமே ஒவ்வொருவருக்கும் நினைவூட்ட, இருட்டில் அடிக்கும் எட்டு மணியைவிட அழுத்தமான வழி வேறு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்ததும் பழைய 7 மணி 30 நிமிடம் திரும்பியது.

கடைசித் தவணை மலேசியாவால் வந்தது. தீபகற்ப மலேசியா 7.30-இல் இருந்தது, கடலுக்கு அப்பால் சபாவும் சரவாக்கும் 8 மணி நேரத்தில் இருந்தன. 1981-இல் பிரதமரான மகாதீர் முகம்மது நாடு முழுவதும் ஒரே நேரம் என்று முடிவெடுத்து, தீபகற்பத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார். சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. தன் வியாபாரிகளையும் பயணிகளையும் நினைத்துத்தான். இரண்டு நாடுகளையும் இணைக்கும் ஜோகூர் பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதன் இந்தக் கரையில் எட்டு மணி, அந்தக் கரையில் எட்டரை என்றால் தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் கடந்து போகிறவர்கள் என்ன செய்வார்கள்? 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30 மணி ஆனதும் கடிகாரங்கள் 12.00 ஆக்கப்பட்டன. சிங்கப்பூர்க்காரர்களுக்கு அந்த ஆண்டின் கடைசி நாள் 23 மணி 30 நிமிடம்தான். தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அதுவரை இருந்த இரண்டு மணி நேர இடைவெளி இரண்டரை மணி நேரமானதும் அன்றைக்குத்தான்.

மாட்ரிட் ஒரே தாவலில் போய்ச் சேர்ந்தது. 1901 ஜனவரி 1 முதல் ஸ்பெயின் முழுவதும் கிரீன்விச் நேரம் நடப்புக்கு வந்திருந்தது. புவியியலுக்குப் பொருத்தமான நேரம். உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டு ஆகும் தருவாயில், 1940 மார்ச் 16 சனிக்கிழமை இரவு 11 மணிக்கு, சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு போட்ட ஆணைப்படி கடிகாரங்கள் நள்ளிரவுக்கு நகர்த்தப்பட்டன.

ஹிட்லரை மகிழ்விக்கத்தான் பிராங்கோ இதைச் செய்தார் என்ற கதையை இணையத்தில் எங்கு பார்த்தாலும் படிக்கலாம். எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. 1940 மார்ச்சில் பெர்லின் மட்டுமல்ல, போர்க்காலக் கோடை நேரத்துக்கு முன்கூட்டியே மாறியிருந்த லண்டனும் பாரிஸும்கூட அதே நேரத்தில்தான் இருந்தன. பாரிஸ் இன்னும் ஜெர்மனி கையில் விழவில்லை. மற்ற ஐரோப்பிய நாடுகளோடு ஒத்துப்போவதற்காக என்றுதான் ஆணையும் சொன்னது. பழைய நேரத்துக்குத் திரும்பும் நாள் உரிய காலத்தில் அறிவிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. அந்த அறிவிப்பு வரவே இல்லை. போர் முடிந்ததும் பிரிட்டன் திரும்பிப் போனது, ஸ்பெயின் போகவில்லை. கேள்வி கேட்க வேண்டியது 1940-ஐப் பற்றி அல்ல, அதற்குப் பிறகு யாரும் கடிகாரத்தைத் தொடாமல் விட்ட ஆண்டுகளைப் பற்றி. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974-இல் கோடை நேரமும் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டதும், கோடையில் மாட்ரிட் சூரியனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் விலகிப்போனது.

இரண்டு வகைப் பகல்

இனி வெயிலுக்கு வருவோம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே வித்தியாசம் பத்து நிமிடத்துக்குள். ஆனாலும் சூரிய உதயம் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் வருவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் காலை 6.45 மணியை ஒட்டி உதிக்கும், பிப்ரவரி நடுவில் 7.15 மணியைத் தாண்டும். பகல் நீளம் மாறாதபோது உதயம் மட்டும் அரை மணி நேரம் ஏன் நகர்கிறது? பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் உச்சி வேளை நவம்பரில் 16 நிமிடம் முந்தியும் பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்தியும் வருகிறது. எல்லா ஊருக்கும் இது உண்டு. மற்ற ஊர்களில் பருவகால மாற்றம் பெரிதாக இருப்பதால் கண்ணில் படாது. சிங்கப்பூரில் மறைக்க வேறு எதுவும் இல்லாததால் அப்பட்டமாகத் தெரிகிறது.

மாட்ரிட் வடக்கே 40 பாகையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில், நாட்டின் நடுமத்தியில் இருக்கிறது. டிசம்பரில் பகலின் நீளம் 9 மணி 20 நிமிடத்துக்குக் குறையும், ஜூனில் 15 மணி நேரமாக நீளும். டிசம்பர் கடைசியில் காலை எட்டரைக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும், மாலை 6 மணிக்கு முன்பே மறையும். ஜூன் கடைசியில் சூரியன் மறையும்போது இரவு 9.45 தாண்டியிருக்கும். நாட்டின் வடமேற்கு மூலையான கலீசியாவில் அது இரவு 10 மணிக்கும் மேல்.

இந்த வெளிச்சத்தில் மாட்ரிட்டின் பேர்போன 'தாமதத்தை' வைத்துப் பாருங்கள். மதியச் சாப்பாடு பிற்பகல் 2 மணிக்கு. குளிர்காலத்தில் கடிகாரத்திலிருந்து 75 நிமிடத்தைக் கழித்தால் சூரிய நேரம் 12.45. கோடையில் 11.45. அதாவது உலகத்தின் பெரும்பகுதி எந்த வெயிலில் சாப்பிடுகிறதோ அதே வெயிலில்தான் இவர்களும் சாப்பிடுகிறார்கள். 1940-இல் கடிகாரம் நகர்ந்தது, வயிறு நகரவில்லை. அரசு தொலைக்காட்சியின் மதியச் செய்தி பிற்பகல் 3 மணிக்கு, இரவுச் செய்தி 9 மணிக்கு. வீட்டில் தட்டு வைக்கும் நேரத்துக்குச் செய்தியும் வந்து நிற்கிறது.

சிங்கப்பூரில் அலுவலகக் கட்டடங்களிலிருந்து ஆட்கள் சாப்பாட்டுக்கு இறங்குவது 12 மணிக்கு. உணவங்காடி நிலையங்களில் மேசை பிடிக்க ஆள் அலையும் நேரம் அது. சூரியனைக் கேட்டால் அப்போது மணி 10.55. பள்ளி 7.30-க்குத் தொடங்குகிறது என்றால் சூரியக் கணக்கில் 6.25. பிப்ரவரியில் 6.30 மணிக்குப் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு மேலே தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும், வானம் வெளுத்திருக்காது. மாட்ரிட்டில் கடிகாரம் சொன்னதை மக்கள் தள்ளிவைத்தார்கள். சிங்கப்பூரில் கடிகாரம் சொன்னதை அப்படியே ஏற்று, இருட்டில் எழுந்துகொண்டார்கள். ஊரின் போக்கும் அதற்கு ஏற்றதுதான்: வார நாட்களில் காலை 7.45-க்குள் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டி நுழைகிறவர்களுக்குக் கட்டணத்தில் 50 காசு வரை சலுகை கொடுத்து இன்னும் சீக்கிரம் கிளம்பச் சொல்கிறது நிர்வாகம். மாட்ரிட் மெட்ரோ வழக்கமாகக் காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 1.30 வரை ஓடுகிறது. ஓர் ஊரின் நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ரயில் அட்டவணையைப் போல வெளிப்படையாகச் சொல்லும் ஆவணம் குறைவு.

சிங்கப்பூரில் சூரியக் கடிகாரம் முழுக்க மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல்களில் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கான நேரம் சூரியன் உச்சி சாய்ந்த பிறகே தொடங்குகிறது. அதனால் அங்கே அது ஏறக்குறைய 1 மணிக்கு வருகிறது. 12 மணிக்குச் சாப்பிட இறங்கும் ஊரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவரின் இடைவேளை தனியாக நிற்கிறது. தமிழ் நாட்காட்டியில் அச்சாகும் ராகுகால அட்டவணை காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துக் கணக்கிட்டது. திங்கள் 7.30 முதல் 9 வரை என்று நமக்கு மனப்பாடம். உதயம் 7 மணியாக இருக்கிற ஊரில் அதே விதிப்படி பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். தமிழ் அரசு மொழியாக இருக்கும் ஊரில், பஞ்சாங்கம் பார்க்கிற ஒருவருக்கு இது வெறும் தகவல் அல்ல, அன்றாடக் கேள்வி.

கடிகாரம் விளக்காதவை

இத்தனையும் சொன்ன பிறகு, மாட்ரிட்டின் எல்லாப் பழக்கத்தையும் கடிகாரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இரவுச் சாப்பாடு 9.30 மணிக்கு என்றால் குளிர்காலச் சூரிய நேரம் 8.15. அதுவும் பிந்தியதுதான். இங்கே வேறு காரணங்கள் வருகின்றன. போருக்குப் பிந்தைய வறுமையில் ஒரு சம்பளம் போதாமல் நிறையப் பேர் இரண்டு வேலை பார்த்தார்கள்: மதியம் வரை ஒன்று, சாப்பிட்டு மாலையில் இன்னொன்று. வேலைநாளை இரண்டாக வெட்டி நடுவில் நீண்ட இடைவெளி விடும் முறை அந்தத் தேவை போன பிறகும் பல அலுவலகங்களிலும் கடைகளிலும் தங்கிவிட்டது. காலை 9 மணிக்கு வந்தவர் இரவு 7 அல்லது 8 மணிக்குத்தான் வீடு திரும்புவார். அப்படியானால் 9.30-க்கு முன் சாப்பிடுவது எப்படி? அந்த இடைவெளியில் ஊரே தூங்குகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெருநகரத்தில் வேலை பார்ப்பவருக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து வர ஏது நேரம்? அவர் சாப்பிட்டுவிட்டு நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் வெப்பம். ஜூலையில் மாட்ரிட்டில் மாலை 6 மணி என்றால் சூரிய நேரம் 3.45, நாளின் உச்ச வெப்பம் தகிக்கும் வேளை. ரெத்திரோ பூங்கா குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மூடும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நள்ளிரவு வரை திறந்திருக்கும். கைக்குழந்தையோடு இரவு 11 மணிக்கு நடைபாதை உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைப் பார்த்துப் பயணிகள் வியப்பார்கள். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது, காற்று இப்போதுதான் குளிரத் தொடங்கியிருக்கிறது. அவர்கள் செய்வதில் எந்த விசித்திரமும் இல்லை. கோடையில் பல அலுவலகங்கள் காலை 8 முதல் பிற்பகல் 3 வரை ஒரே மூச்சில் வேலையை முடித்துக்கொள்வதும் இதே வெப்பத்துக்காகத்தான். சிங்கப்பூரிலும் வெப்பம் உண்டு, ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி. மாலை 7 மணிக்கு இருட்டும், அந்தி சட்டென்று மறையும், குளிரூட்டிய கடைத்தொகுதிகளும் வீடமைப்புப் பேட்டைகளின் காற்றோட்டமான கீழ்த்தளங்களும் எப்போதும் காத்திருக்கும். பருவத்துக்கு ஏற்ப நாளை மாற்றி அமைக்கும் தேவையே எழவில்லை.

சிங்கப்பூரின் ஒழுங்குக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. ஹாங்காங், ஷாங்காய், தைப்பே, மணிலா, கோலாலம்பூர், பெர்த் எல்லாம் அதே 8 மணி நேரத்தில் இருக்கின்றன. காலையில் தோக்கியோவோடும் மாலையில் லண்டனோடும் வேலை பார்க்கிற இடைப்பட்ட வேளை அதற்கு வாய்த்திருக்கிறது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அடுத்தபடியாக வெளிநாட்டு நாணய வர்த்தகம் அதிகம் நடக்கும் நகரம் சிங்கப்பூர். சூரியனோடு பொருந்துகிற நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கே அரசியல் இயக்கம் எதுவும் எழாததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் அதன் விலையை இளையவர்கள் கொடுக்கிறார்கள். உடலின் உள்கடிகாரத்தைத் தினமும் திருத்திவைப்பது காலை வெளிச்சம். பதின்ம வயதில் அந்த உள்கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும். வெளிச்சம் வரும் முன்பே எழுப்பினால் தூக்கம்தான் குறையும், ஏனென்றால் அவர்கள் அதற்கேற்ப முன்னதாகப் படுப்பதில்லை. 2016-இல் சிங்கப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி தொடக்க நேரத்தை 7.30-லிருந்து 8.15-க்குத் தள்ளிவைத்தது. ஆய்வாளர்கள் மாணவிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் மாதத்திலேயே படுக்கையில் இருக்கும் நேரம் சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் கூடியது, ஒன்பது மாதம் கழித்தும் அதில் ஒரு பகுதி நிலைத்திருந்தது. 45 நிமிடம் தள்ளிவைத்ததும் சூரியக் கணக்கில் அந்தப் பள்ளி ஏழு மணியைத்தான் தாண்டியது. எல்லாப் பள்ளிகளும் இதைச் செய்யலாம் என்றே நினைக்கிறேன். நாட்டின் நேர மண்டலத்தை மாற்ற வேண்டியதில்லை, மணியை அடிக்கும் நேரத்தை மாற்றினால் போதும்.

இரண்டு நகரங்களின் நாளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில தருணங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாட்ரிட்டில் நள்ளிரவு 12 மணி. தொலைக்காட்சியில் 10.45-க்குத் தொடங்கிய நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை, மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே நொடியில் சிங்கப்பூரில் வெள்ளி காலை 7 மணி, சீருடை போட்ட பிள்ளைகள் பள்ளி வாசலில் நுழைகிறார்கள். டிசம்பர் 31 அன்று மரினா பே கரையில் வாணவேடிக்கை வெடிக்கும்போது மாட்ரிட்டில் மாலை 5 மணி. புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் 1866 முதல் ஓடும் கடிகாரம் பன்னிரண்டு முறை அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை என்று ஊரே வாயில் போட்டுக்கொள்ளும் நேரத்தில் சிங்கப்பூரில் புத்தாண்டின் முதல் சூரியன் எழுகிறது.

வேலை விஷயமாக இந்த இரண்டு ஊர்களையும் இணைக்க வேண்டியவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இரு பக்கமும் அலுவலகத்தில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. குளிர்காலத்தில் மாட்ரிட் காலை 9 முதல் 11 வரை, சிங்கப்பூரில் மாலை 4 முதல் 6 வரை. கோடையில் மாட்ரிட் 9 முதல் 12 வரை, சிங்கப்பூரில் 3 முதல் 6 வரை. 11 மணி வாக்கில் மாட்ரிட்டில் காபிக்கு எழுந்து போவது வழக்கம், அதையும் கணக்கில் வையுங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஸ்பெயினில் கடிகாரம் மாறும், சிங்கப்பூரில் மாறாது. மாட்ரிட் நேரப்படி காலை 9 மணிக்கு என்று நிலையாக வைத்த சந்திப்பு, அதுவரை சிங்கப்பூரில் பிற்பகல் 3 மணியாக இருந்தது, அக்டோபர் மாற்றத்துக்கு மறுநாள் திங்களன்று சத்தமில்லாமல் 4 மணி ஆகிவிடும்.

இது நீடிக்குமா? ஸ்பெயினில் வாக்குவாதம் ஓயவே இல்லை. 2013-இல் நாடாளுமன்றத்தின் ஒரு குழு கிரீன்விச்சுக்குத் திரும்புவதை ஆராயும்படி பரிந்துரைத்தது. 2016-இல் பிரதமர் ரஹோய் அதைப் பற்றிப் பேசினார். வேலைநாள் மாலை 6 மணிக்கு முடிய வேண்டும் என்றும் சொன்னார். அதே ஆண்டு, நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் பலேரிக் தீவுகளின் நாடாளுமன்றம் நேர்மாறாக, ஆண்டு முழுவதும் கோடை நேரமே இருக்கட்டும் என்று கேட்டது. குளிர்காலத்தில் அங்கே சூரியன் சீக்கிரம் மறைகிறது, அவர்கள் கவலை அது. ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் மாற்றுவதை ஒழிக்க 2019-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்களித்தது, உறுப்பு நாடுகள் உடன்படாததால் அது அப்படியே கிடக்கிறது. 2024-இல் தொழிலாளர் துறை அமைச்சர் யோலாந்தா தியாஸ் இரவு 1 மணிக்கும் உணவகங்கள் திறந்திருப்பது நியாயமில்லை என்று சொன்னதும் மாட்ரிட் மாநில முதல்வர் இசபெல் அயூசோ உடனே எதிர்த்தார். பரிமாறுகிறவரின் தூக்கம் ஒரு பக்கம், ஊரின் இரவு வாழ்க்கை மறுபக்கம். இரண்டிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் அந்தப் பரிமாறுகிறவரிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கவலை.

பக்கத்து வீட்டுப் பாடம் ஒன்றும் இருக்கிறது. கிரீன்விச் நேரத்தில் இருந்த போர்ச்சுகல் 1992-இல் ஸ்பெயின் நேரத்துக்கு மாறிப் பார்த்தது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது, கோடையில் இரவு 10 மணிக்கும் தூங்க முடியவில்லை. 1996-இல் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள். அதே வெளிச்சத்தோடுதான் ஸ்பெயின் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறது. ஏனென்றால் அங்கே பள்ளியும் சாப்பாடும் தூக்கமும் கடிகாரத்தோடு சேர்ந்து மெல்ல நகர அவகாசம் கிடைத்தது. போர்ச்சுகலுக்கு அது கிடைக்கவில்லை.

மாட்ரிட் நாளைக்கே கிரீன்விச்சுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிசம்பரில் சூரியன் மாலை 5 மணிக்கு முன்பே மறையும், ஜூனில் இரவு 8.45 தாண்டி மறையும். பிற்பகல் 2 மணிச் சாப்பாடு ஒரு தலைமுறைக்குள் 1 மணிக்கு நகர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம், 1940-க்குப் பின் எதிர்த்திசையில் நகர்ந்ததைப் போலவே. சிங்கப்பூரோடு இடைவெளி குளிர்காலத்தில் 8 மணி நேரமாகும். அங்கே மாலை 6 மணிக்கு அலுவலகம் மூடும்போது மாட்ரிட்டில் காலை 10 மணி. இப்போது இருக்கிற இரண்டு மணி நேரப் பொதுவேளை ஒன்றாகக் குறையும்.